குடம் இல்லாத வில்லுப்பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவன் நான். அரசாங்கங்கள் பட்ஜெட்டில் கலைக்கான பணத்தை வெட்டுவதையும் கலைஞர்கள் அதை எதிர்ப்பதையும் பற்றிப் பேச இவன் யார் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிக்கிற ஊரில் பிறந்தவனுக்கு வரவு செலவுக் கணக்கு ஒன்றும் புதிதல்ல.

நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே சுடலைமாடன் கொடைக்கு ஆண்டுதோறும் எங்கள் குழு போகும். ஒரு வருடம் வரி சரியாகப் பிரியவில்லை. கூட்டம் போட்டுப் பேசினார்கள். வாணவேடிக்கையில் கைவைக்கவில்லை, சீரியல் விளக்கில் கைவைக்கவில்லை. "வில்லுக்கு ஏழு பேர் எதற்கு? குடம் என்ன பாடவா போகிறது?" என்று ஒருவர் கேட்டாராம். அதோடு என் சம்பளம் போயிற்று. ஆனாலும் நான் போனேன். கொடைச் சாப்பாட்டை யாரும் வெட்டவில்லையே!

குடத்தைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குழுவின் தலைமைப் பாடகரான புலவர் வீசுகோலை எடுத்தார். வில்லின் மணிகள் குலுங்கின, உடுக்கை கூடச் சேர்ந்தது. குடம் விழ வேண்டிய இடம் வந்ததும் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். ஒரு தாளம் வெறுமனே போயிற்று. மறுபடி பாட்டு, மறுபடி அதே இடத்தில் நிறுத்தம். நாலாவது தடவை முன்வரிசையில் ஓர் ஆச்சி எட்டிப் பார்த்து, "குடம் எங்கே ஐயா?" என்றாள். "வரவு செலவில் உடைந்துவிட்டது ஆச்சி" என்றார் புலவர், ராகம் பிசகாமல். பந்தலே சிரித்தது. வரிக்கூட்டத்து ஆட்களும் சிரித்தார்கள். கடைசி வரை புலவர் வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் பேப்பரில் 'சிக்கன நடவடிக்கை' என்று வருகிற செய்திகளை நின்று படிக்க ஆரம்பித்தேன். சிக்கனம் நல்ல சொல். பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டுவது சிக்கனம். பிள்ளையின் பாலில் தண்ணீர் ஊற்றுவதற்கு அந்தப் பெயர் கிடையாது. 2008-ல் வங்கிகள் ஆட்டம் கண்டபோது அவற்றைத் தூக்கிவிடப் பொதுப்பணத்தை அள்ளிக் கொடுத்த அரசாங்கங்கள், இரண்டு வருடம் கழித்து நூலகத்திலும் நாடகத்திலும் சிக்கனம் பேசின.

2010-ல் இங்கிலாந்தில் கலைகளுக்கான நிதியில் கால் பங்கு போகப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. மார்க் வாலிங்கர் என்ற ஓவியர் என்ன செய்தார் தெரியுமா? டர்னர் என்ற பழைய ஆங்கில ஓவியர் வரைந்த புகழ்பெற்ற போர்க்கப்பல் ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அதில் இருபத்தைந்து சதவீதத்தை வெட்டிக் காட்டினார். முழுசாய் இருந்த படத்தில் கால்வாசி இல்லை. பார்க்கிறவன் கண் அந்தக் காலியிடத்துக்கே போகும். எங்கள் புலவர் செய்த அதே காரியம். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டார்கள். அந்த அக்டோபரில் அரசாங்கம் அறிவித்த வெட்டு கால் பங்கையும் தாண்டிச் சுமார் முப்பது சதவீதத்துக்குப் போயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வட இங்கிலாந்தில் நியூகாசில் நகரசபை 2012-ல் கலைக்கான நிதியை அடியோடு நிறுத்த உத்தேசித்தது. லீ ஹால் என்ற நாடகாசிரியர் முன்நின்றார். அந்தப் பக்கத்துப் பாடகர்களான ஸ்டிங், பிரையன் ஃபெர்ரி போன்றோரும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அடுத்த வருடம் வெட்டு பாதியாகக் குறைந்தது. வெற்றி என்றார்கள். எனக்கு ஒரு சந்தேகம். நம் டவுன் மார்க்கெட்டில் நூறு சொல்லி ஐம்பதுக்குப் படிய வைக்கிற வியாபாரி கதையாகவும் இருக்கலாம் இது.

இந்த மாதிரி நேரத்தில் கலைஞனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஆஸ்பத்திரி வேண்டுமா, பாட்டு வேண்டுமா?" கேட்டதும் கலைஞன் தலை குனிந்துவிடுகிறான். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று எவன் சொல்வான்? ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் வாணவேடிக்கையை ஒருபோதும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சேர்க்கச் சொன்னவர்கள் பிரிட்டனில் 'யூகே அன்கட்' என்ற இயக்கத்துப் பிள்ளைகள். வரியைத் தட்டிக்கழிப்பதாகத் தாங்கள் குற்றம் சாட்டிய பெரிய கம்பெனிகளின் கடைவாசலில் உட்கார்ந்தார்கள். 2011 பிப்ரவரியில் வங்கிக் கிளைகளுக்குள் புகுந்து அவற்றை நூலகமாக, வகுப்பறையாக மாற்றிக் காட்டினார்கள்.

நூலகம் என்றதும் லண்டனில் கென்சல் ரைஸ் நினைவுக்கு வருகிறது. 1900-ல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் திறந்துவைத்த வாசகசாலை அது. 2011-ல் அந்தப் பகுதி நகரசபை அதை மூடியது. எழுத்தாளர்கள் பேசினார்கள், ஊர்க்காரர்கள் வாசலில் காவல் இருந்தார்கள். அடுத்த வருடம் மே மாதம், ஊர் அடங்கிய இரவில், போலீஸ் துணையோடு நகரசபை ஆட்கள் வந்து புத்தகங்களை அள்ளிப்போனார்கள். பகலில் செய்யக் கூசியிருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948-ல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும், இன்று வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள்.

ஸ்பெயினில் நடந்தது கேலி. 2012-ல் நாடக டிக்கெட் மீதான வரி எட்டிலிருந்து இருபத்தொரு சதவீதமாக ஏறியது. பெஸ்கானோ என்ற சிற்றூர் அரங்கத்தில் டிக்கெட் விற்பதையே விட்டுவிட்டுக் கேரட் விற்றார்கள். ஒரு கேரட் பதின்மூன்று யூரோ, வாங்கினால் நாடகம் இலவசம். கேரட்டுக்கு வரி நாலே சதவீதம்!

வானொலியில் உட்கார்ந்துகொண்டு கிரீஸைச் சொல்லாமல் போக முடியாது. 2013 ஜூன் 11 அன்று அந்த நாட்டு அரசாங்கம் தன் பொது வானொலியையும் தொலைக்காட்சியையும் ஒரே நாளில் மூடியது. செலவைக் குறைக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். சுமார் 2,600 பேருக்கு வேலை போயிற்று. அன்று இரவே திரை இருண்டது. ஊழியர்கள் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. இணையம் வழியாக ஒலிபரப்பிக்கொண்டே இருந்தார்கள். வானொலி இசைக்குழுவினர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கச்சேரி செய்தார்கள். வாசித்துக்கொண்டே அழுதார்கள், வயலினைத் தாழ்த்தாமல். சரியாக இரண்டு வருடம் கழித்து, அதே ஜூன் 11 அன்று, நிலையம் திரும்பத் திறந்தது. திரும்பக் கிடைத்த கதைகள் இதைப் போல அதிகமில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். மறு வருடம் குடத்துக்குச் சம்பளம் போட்டார்கள். ஆச்சிதான் வரிக்கூட்டத்துக்கே போய்ச் சத்தம் போட்டாள் என்று கேள்வி. ஆனால் இரண்டு ராத்திரிப் பாட்டை ஒரு ராத்திரியாக்கிவிட்டார்கள். "இதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று புலவரிடம் கேட்டேன். "பாதிக் கதையில் வில்லை இறக்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன்" என்றார். "சுடலை கோட்டைக்குள் நுழையட்டும், அங்கேயே நிற்கட்டும்."

வணக்கம்.