காலையில் மாத்திரை, ராத்திரி சரக்கு: எங்கே தப்புகிறது கணக்கு?

கடலோர நேயர்களுக்கு வணக்கம்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரிலும் ‘நரம்பு மாத்திரை’, ‘டென்ஷன் மாத்திரை’ என்றால் புரியும். படபடப்புக்கும் பயத்துக்கும் தூக்கம் வராததற்கும் டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகள். அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே குடிக்கிறவர்கள் பலர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: “மாத்திரை காலையில, சரக்கு ராத்திரி. ரெண்டும் எங்க சேரப்போகுது?” சேரும். எப்படிச் சேர்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் சரக்கு. ஒரு குவாட்டர் 180 மில்லி, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். நம் ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் அதைக் கழிக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு குவாட்டர் உள்ளே போனால், அது முழுதாக வெளியேற விடிகாலை மூன்று மணியாகலாம், ஐந்தரையும் ஆகலாம். மோர், எலுமிச்சை, பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. ‘பீர்தானே’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால், அதிலும் 40 கிராம் இருக்கிறது.

இனி மாத்திரை. அட்டையின் பின்பக்கத்தில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அல்பிரசோலம் என்றால், சாப்பிட்டதில் பாதி குறையவே சுமார் 11 மணி நேரம் ஆகும். குளோனசெபாம் என்றால் பாதி குறைய ஒன்றரை நாள். டயசெபாம் இன்னும் மோசம். ஈரல் அதை உடைக்கும்போது உண்டாகும் பொருளுக்கும் அதே வேலை செய்யும் சக்தி உண்டு, அது நாள்கணக்கில் உடம்பில் நிற்கும். வயதானவர்களுக்கும் ஈரல் கெட்டவர்களுக்கும் இந்த நேரமெல்லாம் நீளும். ஆகவே காலையில் போட்டது ராத்திரி தீர்ந்திருக்காது. தினமும் சாப்பிடுகிறவர் உடம்பில் மருந்து இல்லாத நேரமே கிடையாது.

சேர்ந்தால் என்ன ஆகும்? மூளையின் வேகத்தைத் தணிக்க காபா என்றொரு ரசாயனம் இருக்கிறது. இந்த மாத்திரைகள் காபாவின் வேலையைக் கூட்டித்தான் படபடப்பை அடக்குகின்றன. சரக்கும் அதே வேலையைத்தான் கூட்டுகிறது. கூடவே மூளையை விழிப்பாக வைக்கும் இன்னொரு ரசாயனத்தையும் அமுக்குகிறது. டாக்டர் சொன்ன அளவில் மாத்திரை மட்டும் சாப்பிட்டு மூச்சு நிற்பது அபூர்வம். அந்தப் பாதுகாப்பைத்தான் சரக்கு எடுத்துவிடுகிறது. மூச்சு மெதுவாகும், ஆழம் குறையும். வாந்தி வந்தால் இருமித் துப்பும் உணர்வு மழுங்கும். வாந்தி நுரையீரலுக்குள் போகும். இரண்டு கட்டிங் அடித்தும் தெளிவாக நடமாடுகிறவரை, ஒரு கட்டிங்கும் ஒரு மாத்திரையும் சேர்ந்து சாய்த்துவிடலாம்.

ஞாபகம் அறுந்துபோவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டதே மறந்து மறுபடி போடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் வேண்டுமென்றே செய்தார் என்று நினைப்பார்கள். பல நேரம் அப்படி இல்லை. அதனால் அட்டையை வீட்டில் ஒருவர் கையில் ஒப்படையுங்கள்; அவர் அன்றன்றைக்கு எண்ணிக் கொடுக்கட்டும்.

விடிகாலையில் நெஞ்சு படபடவென்று அடித்து, காரணமில்லாத பயத்தோடு விழிக்கிறீர்களா? நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொரு மாத்திரையைத் தேடாதீர்கள். ராத்திரி முழுக்க அமுங்கிக் கிடந்த மூளை, சரக்கு இறங்கும் நேரத்தில் மேலே எகிறுவதுதான் அது. குடி தணித்ததாக நினைக்கும் பதற்றத்தில் ஒரு பங்கைக் குடியேதான் உண்டாக்குகிறது. சில வாரம் குடிக்காமல் இருந்தால் மாத்திரையின் அளவையே டாக்டர் குறைக்க முடிகிறது.

கடலுக்குப் போகிறவர்கள் இதைத் தனியாகக் கேளுங்கள். சுக்கான் பிடிப்பவர், வலை இழுக்கும் வின்ச்சில் நிற்பவர், ராத்திரி காவலுக்கு விழித்திருப்பவர் மூவருக்கும் ஒரு நொடி தாமதம் போதும், விரல் போகும், ஆள் தண்ணீரில் விழுவார். கடல் வாந்திக்குப் போடும் மாத்திரை, சளி மாத்திரை, இருமல் மருந்து இவற்றில் பலவும் தூக்கத்தைக் கூட்டுபவை. இடுப்புவலிக்கு டிரமடால் சாப்பிடுகிறவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டிரமடாலும் நரம்பு மாத்திரையும் சரக்கும் மூன்றும் சேர்வது மூச்சை நிறுத்தவல்ல சேர்க்கை.

தூக்கம் வரவைக்காத மாத்திரைகளும் உண்டு என்பார்கள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை மூச்சை அப்படி அமுக்குவதில்லை. ஆனால் சரக்கோடு மயக்கம் கூடும், வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும், மருந்தின் பலனும் குறையும். புரோப்ரனோலால் என்றால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி எழுந்து நிற்கும்போது விழலாம்.

“இன்னைக்குக் குடிக்கணும், அதனால மாத்திரைய விட்டுர்றேன்” என்பது இன்னொரு தப்புக் கணக்கு. மாதக்கணக்கில் சாப்பிட்ட அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் கைநடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு வரை வரலாம். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினாலும் இதே கதைதான்: கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு குழப்பமும், இல்லாதது கண்ணில் தெரியும் உருவெளித்தோற்றமும் வரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் தினமும் குடித்துவிட்டு, மாத்திரையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு முதல் நாள் விசைப்படகு ஏறுகிறவருக்கு இந்த இரண்டும் ஒரே ராத்திரியில், நடுக்கடலில் வரலாம். தடை முடியப் பதினைந்து நாள் இருக்கும்போதே டாக்டரைப் பாருங்கள். குடியையும் மாத்திரையையும் படிப்படியாகக் குறைக்க வழி இருக்கிறது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மில்லிக்கணக்கில் சொல்லுங்கள். ‘எப்பவாவது’ என்று சொன்னால் டாக்டர் எழுதும் அளவே தவறிப்போகும்.

குடியை நிறுத்துவதற்காகச் சில நாளைக்கு குளோர்டயசெபாக்சைடு கொடுப்பார்கள். அது சரக்குக்குப் பதிலாகக் கொடுப்பது. அதன்மேல் குடித்தால் மருந்தே விஷமாகும். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் தயவுசெய்து கலந்து கொடுக்காதீர்கள், அக்காமார்களே. உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அது உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, அழுத்தம் இறங்கி, உயிரே போகலாம். கடைசியாகக் கொடுத்த பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கும்.

இரண்டும் சேர்ந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், “அவுக அசந்து தூங்குறாக, எழுப்ப வேணாம்” என்று விட்டுவிடாதீர்கள். தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். எழவில்லையா? உடனே 108. ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். பத்துக்குக் கீழே இருந்தாலும், உதடு நீலமானாலும், வழக்கமில்லாத கரகரத்த குறட்டை கேட்டாலும் அதையும் 108இல் சொல்லுங்கள். மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள்; ஒருக்களித்து, மேல்முழங்காலை மடக்கி, வாய் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். காபி, மோர், உப்புத்தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள். மூச்சு நின்றுபோனால் மட்டும் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள்.

படகில் நடந்தால் விஎச்எஃப் வயர்லெஸ்ஸின் 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள்; அலைபேசி எடுத்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கரையில் மனப்பதற்றத்துக்கு ஆலோசனை வேண்டுமென்றால் டெலிமானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ஆம்புலன்ஸ் வந்ததும் மாத்திரை அட்டையை அப்படியே கையில் கொடுங்கள், காலியாக இருந்தாலும். எத்தனை போட்டார், எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதை ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.