மலையில் ஒரு பாடலைப் படமாக்கும் முன்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். நம் மலையகப் பாடசாலை மாணவர்கள் தாமே எழுதி, மெட்டமைத்து, பாடிய பாடலுக்குக் காட்சியும் அமைக்க முன்வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. கமராவைக் கையில் எடுப்பதற்கு முந்தைய நாட்களில் அவர்கள் செய்ய வேண்டியவற்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

பாடல் இறுதியாகப் பதிவான பின்னரே திட்டமிடல் தொடங்க வேண்டும். பல்லவி எத்தனையாவது விநாடியில் எழுகிறது, இடையிசை எவ்வளவு நேரம் நீள்கிறது என்று வரிவரியாகக் குறித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே இடம், நேரம், தோன்றுவோர், உடை ஆகியவற்றை எழுதுங்கள். அந்தத் தாள் இல்லாமல் நாங்கள் ஒருமுறை தலவாக்கலைப் பக்கம் சென்றோம். காலை வெயிலில் பல்லவியின் முதல் அடியை எடுத்து முடித்து, அடுத்த அடிக்கு யார் நிற்பது என்று பேசிக்கொண்டிருந்தபோதே பனிமூட்டம் எதிர்மலையை மூடிவிட்டது. வெயிலில் ஓர் அடியும் மூட்டத்தில் ஓர் அடியுமாக நின்ற அந்தப் பல்லவியை இணைக்க வழியின்றி மறுபடியும் மலையேறினோம்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவுகளை நனைக்கும்போது, ஊவாப் பக்கத்தில் பண்டாரவளையும் பதுளையும் பெரும்பாலும் வறண்டிருக்கும். தெரிவு செய்த இடத்தை முன்னதாகவே ஒரு நாள், படமெடுக்கப் போகும் அதே மணிக்குச் சென்று பார்ப்பது அவசியம். கிழக்கே மலை மறைக்கும் பள்ளத்தில் வெயில் இறங்க வெகுநேரமாகும்.

மாணவர்கள் பெரிதும் தவறவிடுவது, பாடகர் வாயசைப்பதற்காகப் படப்பிடிப்பின்போது பாடலை ஒலிக்கவிடும் ஏற்பாட்டைத்தான். கைத்தொலைபேசியின் ஒலி மலைக்காற்றில் கரைந்துவிடும். ஒலிபெருக்கியைக் கமராவுக்கு அருகில் வைத்தாலும் சிக்கல்தான், ஏனெனில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் தூரமே செல்வதால், 34 மீற்றர் தள்ளி நிற்கும் பாடகருக்குப் பாட்டு பத்தில் ஒரு விநாடி தாமதமாகச் சேரும்; விநாடிக்கு 25 சட்டகங்கள், அதாவது 25 தனித்தனிப் படங்கள், கொண்ட படத்தில் உதடு இரண்டு சட்டகங்களுக்கு மேல் பின்தங்கும். ஆகவே பாடகரின் காலடியில், தேயிலைச் செடியின் மறைவில் ஒலிபெருக்கியை வையுங்கள். பாடலின் முன்னே நான்கு தாளத் தட்டுகளைச் சேர்த்து, நான்காவது தட்டில் பாடகர் கைதட்டினால், கைகள் சேரும் சட்டகத்தைக் கொண்டு பின்னர் ஒலியைப் பொருத்தலாம். மெதுவசைவு வேண்டுமெனில் விநாடிக்கு 50 சட்டகங்களாக எடுக்க வேண்டும். அதை 25 சட்டகங்களாக ஓட்டும்போது அசைவு பாதி வேகமாகிவிடும். ஆகவே படமெடுக்கும்போது பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டுப் பாடகர் அதனோடு வாயசைக்க வேண்டும் என்பதால், வீட்டிலேயே பலமுறை பழகியிருத்தல் நல்லது.

அனுமதிகளை எழுத்தில் பெறுங்கள்: மலைக்கும் தொழிற்சாலைக்கும் தோட்ட நிர்வாகத்திடம், தண்டவாளத்திற்குப் புகையிரதத் திணைக்களத்திடம், ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம்.

எனினும் தோட்ட நிர்வாகியான துரையின் கையொப்பம் கொழுந்து பறிக்கும் பெண்களின் சம்மதமாகிவிடாது. அவர்களை அரைமணி நேரம் நிறுத்திவைத்தால் கொழுந்தின் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பெயராகிவிடும், அதாவது அரைநாள் கூலியே கிடைக்கும். நம் தாய்மாரின் ஒருநாள் கூலியைக் குறைத்து அவர்களைப் பற்றியே பாட்டெடுப்பதை என் மனம் ஏற்கவில்லை. படப்பிடிப்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்திற்குச் சென்று, பாடலைப் போட்டுக்காட்டி, விரும்புவோரை மட்டும் வேலையற்ற நாளில் அழையுங்கள். படம் முடிந்ததும் அதே லயத்து வாசலில் வெள்ளைத்துணி கட்டி முதலில் அவர்களுக்குக் காட்டுவதற்கான நாளையும் அந்தத் திட்டத் தாளிலேயே குறித்துவையுங்கள்.

நன்றி, வணக்கம்.