பலேர்மோவுக்குப் போகும் வழிகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இத்தாலியின் கடலோர நகரம் ஒன்றுக்குப் போய்ச் சேர்வது பற்றியும் அங்கே ஊருக்குள் சுற்றிவருவது பற்றியும் பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டபோது, எல்லோரும் அறிந்த வெனிஸையும் நேப்பிள்ஸையும் விட்டுவிட்டு, சிசிலித் தீவின் வடகரையில் இருக்கும் பலேர்மோவை எடுத்துக்கொண்டேன். தீவு நகரம் என்பதால் எப்படியும் கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வானில் தாண்டுகிறோமா, கப்பலில் தாண்டுகிறோமா, ரயில் பெட்டியில் உட்கார்ந்தபடியே தாண்டுகிறோமா என்பதில்தான் அந்தப் பயணத்தின் சுவையே இருக்கிறது.

அவசரக்காரர்களுக்கு விமானம். நம் ஊரிலிருந்து நேரடி விமானம் கிடையாது; ரோமிலோ மிலானிலோ மாற வேண்டும். ரோமிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். விமான நிலையம் நகருக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் செங்குத்தான மலையுமாக நெருக்கும் ஒரு முனையில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதைப் பழைய பெயரில் புந்தா ரைசி என்பார்கள். இப்போது அது, 1992இல் மாஃபியாவால் கொல்லப்பட்ட நீதிபதிகள் ஃபால்கோனே, போர்செல்லினோ இருவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அங்கிருந்து நகருக்கு ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். நான் பேருந்தையே சொல்வேன். அது செல்லும் நெடுஞ்சாலையில் கபாச்சி என்னும் இடத்தில், சாலையின் இரு பக்கமும் உயர்ந்த தூண்கள் நிற்கும். 1992 மே 23 அன்று சாலைக்கு அடியில் வைத்த குண்டு வெடித்து ஃபால்கோனேயும் அவர் மனைவியும் காவலர்கள் மூவரும் மாண்ட இடம் அது. சற்று மேலே மலைச்சரிவில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடத்தில், மாஃபியா வேண்டாம் என்ற வாசகம் நீல எழுத்தில் சாலையிலிருந்தே தெரியும். குண்டை வெடிக்க வைத்தவர்கள் காத்திருந்த இடம் அந்தக் குன்றுதான்.

நேரம் இருப்பவர்களுக்கு ரயில். ரோமிலிருந்து பகலிலும் இரவிலும் நேரடி ரயில் ஓடுகிறது. ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். இத்தாலியக் காலணியின் முன்நுனியில் இருக்கும் வில்லா சான் ஜொவான்னி நிலையத்துக்கு வந்ததும் தண்டவாளம் முடிந்து கடல் தொடங்குகிறது. ரயில் அங்கே கப்பலில் ஏறுகிறது. பயணிகள் இறங்கிக் கப்பல் ஏறுவதில்லை, ரயிலே ஏறுகிறது! கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். நீளமான ரயில் அப்படியே உள்ளே அடங்காது என்பதால், பெட்டிகளைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஷண்டிங் இன்ஜின் ஒன்று பின்னாலிருந்து மெல்லத் தள்ளி, பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களில் நிறுத்துகிறது. நான் போனது இரவு ரயில். மேல் பெர்த்தில் அரைத் தூக்கத்தில் கிடந்தவனை இரும்பு இரும்போடு முட்டும் ஓசைதான் எழுப்பியது. சன்னலைப் பார்த்தால் ஒரு சாண் தூரத்தில் இன்னொரு பெட்டியின் சன்னல். அதற்குள்ளிருந்து ஒரு பாட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியிலேயே படுத்துக் கிடக்கலாம்; ஆனால் அது பெரிய தவறு. இறங்கி, குறுகிய இரும்புப் படிகளில் ஏறி மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும். மெசினா நீரிணை மிகக் குறுகலான இடத்தில் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கப்பல் நகர்வது அரை மணி நேரம்கூட இருக்காது. கழற்றி ஏற்றுவதற்கும் இறக்கி மாட்டுவதற்கும்தான் கூடுதல் நேரம். மேல்தளத்துக் கடையில் அரஞ்சினி என்னும், சோற்றை உருட்டி உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்த உருண்டையை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, மெசினாத் துறைமுக வாயிலில் உயர்ந்த தூணின் உச்சியில் நிற்கும் மாதா சிலை நெருங்கிவருவதைப் பார்ப்பதுதான் அங்கத்திய வழக்கம். (அதே உருண்டையைப் பலேர்மோவில் அரஞ்சினா என்று பெண்பாலில்தான் கேட்க வேண்டும், கிழக்குக் கரையிலுள்ள கத்தானியாவில் அது ஆண்பால். இதை மாற்றிச் சொன்னால் கடைக்காரர் திருத்தாமல் விடமாட்டார்.) மறுகரையில் ரயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி கத்தானியா வழியாகத் தெற்கே போக, மற்றது கடலை ஒட்டியே மேற்கே சுமார் மூன்று மணி நேரம் ஓடிப் பலேர்மோ மத்திய நிலையத்தை அடைகிறது.

இந்த நீரிணைக்குக் குறுக்கே 3,300 மீட்டர் நடு இடைவெளி கொண்ட தொங்குபாலம் கட்டும் திட்டம் பல பத்தாண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அரசின் உயர்மட்டக் குழு ஒப்புதல் அளித்தது. அக்டோபரில் நாட்டின் தணிக்கை நீதிமன்றம் அதைப் பதிவு செய்ய மறுத்தது. ஆகவே கப்பலேறும் ரயிலைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

மூன்றாவது வழி, முழுக் கடற்பயணம். நேப்பிள்ஸில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை பலேர்மோ. தங்கும் அறை எடுத்தால் ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம். ஜெனோவாவிலிருந்து வந்தால் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். விடியலில் மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கும் பெல்லெக்ரினோ மலைதான் முதலில் தெரியும். துறைமுகம் நகரின் மடியிலேயே இருப்பதால், சுமை குறைவாக இருந்தால் இறங்கிய கையோடு நடந்தே விடுதிக்குப் போய்விடலாம்.

ஊருக்குள் முதல் வாகனம் கால்கள்தான். மத்திய நிலையத்திலிருந்து நேரே வடக்கே போகும் மக்வேதா தெருவின் பெரும்பகுதி நடப்பவர்களுக்கென்றே விடப்பட்டிருக்கிறது. அதைக் குறுக்கே வெட்டிக் கடல்வரை இறங்கும் பழைய சாலையை ஊரார் இன்றும் கஸ்ஸரோ என்கிறார்கள். கோட்டை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து, அரபியர் ஆண்ட காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இரண்டும் சந்திக்கும் நாற்சந்தியிலிருந்து தேவாலயம், பலாரோ சந்தை, மாஸ்ஸிமோ நாடக அரங்கு எல்லாமே கால் மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். பழைய நகரம் கட்டுப்பாட்டு வலயம். அனுமதியில்லாத வண்டியின் எண்ணைக் கேமரா பிடித்துக்கொள்ள, நாம் ஊர் திரும்பி எல்லாவற்றையும் மறந்த பிறகு அபராதச் சீட்டு வந்து சேரும்.

2015 டிசம்பர் இறுதியில் தொடங்கிய டிராம் புறநகர்க் குடியிருப்புகளுக்கானது. வெளியூர்க்காரருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. பேருந்துதான் உதவும். சீட்டை முன்கூட்டியே, வாசலில் பெரிய 'T' எழுத்து தொங்கும் புகையிலைக் கடையில் வாங்கி, ஏறியவுடன் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம்; பையில் பத்திரமாக வைத்திருந்தேன் என்று பரிசோதகரிடம் நான் வாதாடிப் பார்த்தது வீண்தான். மொந்தெல்லோ கடற்கரைக்கு 806, மொசைக் ஓவியங்களுக்குப் பெயர்போன மொன்ரியாலேவுக்கு 389. நெரிசல் வேளையில் கால அட்டவணையை நம்பித் திட்டம் போடாதீர்கள். சந்துகளில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் மூன்று சக்கர வண்டியைப் பார்த்தால் நம்மவர்களுக்கு வியப்பிருக்காது; அது நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் அதே ஆப்பே ஆட்டோதான். ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதியும் அதேதான்.

பெல்லெக்ரினோ மலைமேல் குகைக்குள் அமைந்த புனித ரொசாலியா திருத்தலத்துக்கு 812ஆம் எண் பேருந்து ஏறுகிறது. ஆனால் அடிவாரத்திலிருந்து கல் பாவிய பழைய பாதை ஒன்றும் வளைந்து வளைந்து மேலே போகிறது. போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து வந்து பலேர்மோவில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள், இந்துக்கள் உட்பட, நேர்த்தி வைத்து அந்த வழியாக நடந்தே ஏறுவதுண்டு. நான் ஏறிய ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் ஓர் அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். திரும்புவதற்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அவரிடம்தான் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.