தப்பாக வந்த கையுறை: ஞாயிற்றுக்கிழமை ரைபிள் வகுப்புக்கு நான் ரெடியா?

மக்களே, வணக்கம். காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மாடியில் நிற்கிறேன். கீழே ஆச்சி மிக்சி போட்டிருக்கிறாள், அதற்கு இது தேவலை. என் கையில் இருப்பதைப் பாருங்கள். கையுறை. ஒரே ஒரு கைக்கு. விலை 1,349 ரூபாய். ஒரு கைக்கு!

போன வீடியோவில் "முதல் வகுப்பு முடிகிற வரைக்கும் ஒரு சாமானும் வாங்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தது நான்தான். அந்தத் துண்டை வெட்டிக் கமெண்டில் போட வேண்டாம், எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஆனால் எனக்குக் கை எப்படி வியர்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். மணிமுத்தாறு சைக்கிள் வீடியோவில் ஹேண்டில்பாரைத் துடைத்துத் துடைத்தே பாதி நேரம் போனதே, அந்தக் கை. அதனால் இது ஒன்றை மட்டும் ஆன்லைனில் போட்டுவிட்டேன். வலக்கைக்காரர்கள் ரைபிளை இடது கையில் தாங்குவார்கள், வலது கை விசையில் இருக்கும். ஆகவே கையுறை இடது கைக்குத்தான். அந்தப் பக்கத்தில் அதைத் தெளிவாகத் தேர்ந்தெடுத்து, ஸ்கிரீன்ஷாட் வரை எடுத்து வைத்திருக்கிறேன். வந்தது என்ன? வலது கைக்கு. பெட்டியைப் பிரித்ததும் இடது கையில் மாட்டிப் பார்க்கிறேன், கட்டைவிரல் சுண்டுவிரல் பக்கம் முளைத்து நிற்கிறது.

கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன். ரிட்டர்ன் போட்டேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள், இன்று சாயந்திரம் எடுக்க ஆள் வருகிறார். கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் கேமராவை எடுத்திருக்கவே மாட்டேன்.

அதற்கு முன்னால் ஒன்று. "அக்கா, டாக்டிக்கல் டிரெயினிங்கா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நீங்கள் நினைப்பது அமெரிக்காக்காரர்கள் வீடியோவில் காட்டுவது: நெஞ்சில் கவசம், தோளில் வார், உருண்டு புரண்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுவது. அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே ஆயுதச் சட்டம் 1959 இருக்கிறது, அதன் கீழ் 2016இல் வந்த விதிகள் இருக்கின்றன. தானியங்கித் துப்பாக்கியை நம்மைப் போன்றவர்கள் தொடவே முடியாது. நான் போவது பத்து மீட்டர் ஏர் ரைபிள் வகுப்பு. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, அழுத்திய காற்றில் போகும். குழலை விட்டுக் கிளம்பும் குண்டின் சக்தி இருபது ஜூலுக்கு மேல் போகாத இந்த ரகத்துக்கு லைசென்ஸ் வேண்டாம். அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது இதே போட்டியில்தான். நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதுதான். உருளல் புரளல் எதுவும் கிடையாது. ஒரே இடத்தில் மரம் மாதிரி நிற்க வேண்டும். எனக்கு உருள்வதே சுலபமாக இருந்திருக்கும்.

மரம் மாதிரி என்று சும்மா சொல்லவில்லை. ரைபிள் ஐந்தரைக் கிலோ வரைக்கும் இருக்கலாம். அதைப் புஜத்தால் தூக்கி நிற்க முயன்றால் ஐந்தாவது குண்டிலேயே கை நடுங்கும். இடுப்பை முன்னால் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, பாரத்தை எலும்பில் இறக்க வேண்டும். போட்டி என்றால் அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிடம், எல்லாம் நின்றபடி. கோச் சார் போனிலேயே சொல்லிவிட்டார்: "வகுப்புக்கு வர்றதுக்கு முன்னாடி தினமும் பத்து நிமிஷம் எதையாவது ஏந்தி நின்னு பழகும்மா."

எதையாவது என்றால் வீட்டில் என்ன இருக்கிறது? துடைப்பம் எடையே இல்லை. பத்து நாளாக நான் பழகுவது ஆச்சியின் உலக்கையில். சிரிக்காதீர்கள். தெருமுனை அண்ணாச்சி கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்று கிலோ இருநூறு. அடியில் ஒரு கிலோ மணல் பையைக் கட்டினேன், நாலு இருநூறு. சுவரில் தரையிலிருந்து 140 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கறுப்பு வட்டம் ஒட்டினேன், அசல் இலக்கும் அந்த உயரம்தான். வட்டத்தின் குறுக்களவு முப்பதரை மில்லிமீட்டர், பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். உப்புமா ரவைகூட அதைவிடப் பெரிது. பத்து மீட்டர் தள்ளி நின்று ரவையைக் குறிபார்க்கிற வேலைக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு மாமி துணி காயப்போட வந்தவர், உலக்கையைத் தோளில் சாய்த்து ஒற்றைக் கண்ணை மூடி நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு, நேரே கீழே போய் ஆச்சியிடம், "பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கலாம்லா?" என்று கேட்டிருக்கிறார். இந்த உலகத்தில் எந்த வியாதிக்கும் இவர்களிடம் இருப்பது ஒரே மருந்து.

சரி, கையுறைக்கு வருகிறேன். வியாழக்கிழமை ராத்திரி கோச் சார் வாட்ஸப்பில் ஒரு சோதனை அனுப்பினார். நீங்களும் செய்து பாருங்கள், காசு கிடையாது. இரண்டு கையையும் நேரே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, தூரத்தில் ஒரு பொருளை அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். நம்ம மாடியிலிருந்து ஊசிக்கோபுரம் தெரியும் இல்லையா, அதன் உச்சியைப் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். வலது கண்ணை மூடினேன், கோபுரம் அசையவில்லை. இடது கண்ணை மூடினேன், கோபுரத்தைக் காணோம்! என் கட்டைவிரல்தான் தெரிகிறது. பதினோரு தடவை செய்தேன் மக்களே. ஆச்சியைக் கூப்பிட்டு அவளுக்கும் செய்தேன். அவளுக்கு வலது கண், ஒழுங்காக. எனக்கு மட்டும் கை வலது, கண் இடது.

இப்படிக் கணிசமான பேருக்கு இருக்கும், குறை ஒன்றும் இல்லை என்று கோச் சார் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள், என் தம்ப்நெயில் எல்லாவற்றிலும் தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது என்று இரண்டு வருஷமாகக் கிண்டல் செய்கிறீர்கள். ஊசியில் நூல் கோக்கும்போதும் சாய்த்துத்தான் கோப்பேன். "ஏட்டி, கழுத்து சுளுக்கிருச்சா?" என்று ஆச்சி கேட்பாள். எல்லாம் இதனால்தானோ என்னவோ.

ஆங், ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், இதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். கல்லூரியில் என்.சி.சி. கேம்பில் பாயிண்ட் டூ டூ ரைபிளில் ஐந்து குண்டு சுட்ட கதை, பழைய ஆட்கள் கேட்டிருப்பீர்கள். ஜல்லியில் குப்புறப் படுத்து முழங்கை தோல் உரிந்தது. சுட்டு முடித்து அட்டையைப் பார்த்தால் என்னுடையதில் இரண்டு ஓட்டை. இடப்பக்கம் படுத்திருந்தவள் அட்டையில் எட்டு. அவளுக்கும் கொடுத்தது ஐந்துதான். கேம்ப் முழுக்க அவளைச் சாம்பியன் என்றார்கள், என்னைத் தர்மகர்த்தா என்றார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ரைபிள் வலது தோளில், பார்வை இடது கண்ணில். குழல் இடது பக்கமாகத்தானே திரும்பும்? இத்தனை வருஷம் கழித்து என் மேல் தப்பில்லை என்று ஆகிறது. அந்தப் பெண் இந்த வீடியோவைப் பார்த்தால், அந்த மூன்று ஓட்டையைத் திருப்பிக் கொடு.

இப்போது எனக்கு இருப்பது இரண்டு வழி. ஒன்று, வலது தோளிலேயே வைத்து, வலது கண்ணால் பார்க்கப் பழகுவது. அதற்கு இடது கண்ணை இறுக்கி மூடக் கூடாது. மூடினால் முகமெல்லாம் இழுத்துக்கொண்டு திறந்த கண்ணும் களைத்துவிடும். அந்த இடது கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பு வைப்பார்கள். வெளிச்சம் வர வேண்டும், உருவம் தெரியக் கூடாது. அகலம் முப்பது மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கடையில் விற்கிறார்கள், நான் வாங்குவேனா? அல்வா டப்பாவின் மூடி, அந்தப் பால் நிறப் பிளாஸ்டிக், இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் வெட்டித் தலைப்பட்டையில் செருகினேன். கொஞ்சம் நெய் வாசம் வருகிறது. அதுவும் நல்லதுக்குத்தான். ஆனால் டப்பா காலியாக வேண்டுமே என்று அரைக்கிலோவை இரண்டு நாளில் தின்றேன். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இரண்டாவது வழி, இடது தோளில் வைத்துச் சுடுவது. அப்படியென்றால் ரைபிளைத் தாங்கும் கை எது? வலது. கையுறை எந்தக் கைக்கு? வலது!

வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பேக் செய்து டேப் ஒட்டி வாசலில் வைத்த பெட்டியைப் பிரித்து, வலது கையில் மாட்டி, இருட்டில் உலக்கையைத் தேடி எடுத்து இடது தோளில் வைத்து நின்றேன். மக்களே, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. உள்ளே மெத்து மெத்தென்று பஞ்சு, ரைபிளுக்கும் கைக்கும் நடுவில் நாடித் துடிப்பு கடக்காமல் இருக்க. எனக்கே தெரியாத என் கண் அந்தக் கடைக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

கோச் சாரிடம் கேட்டேன். இரண்டு பக்கமும் பொருந்துகிற தோள்கட்டை வைத்த பழைய ரைபிள் ஒன்று கிளப்பில் இருக்கிறதாம், முதல் நாள் இரண்டு தோளிலும் வைத்துப் பார்க்கலாம் என்றார். "கையுறையை ஏம்மா இப்பவே வாங்குன?" என்றும் கேட்டார். அதை விடுங்கள்.

மற்றதெல்லாம் சட்டென்று சொல்லிவிடுகிறேன். காலுக்குத் தட்டையான கேன்வாஸ் ஷூ, டவுனில் 320 ரூபாய், பேரம் பேசி 290. ஓடுகிற ஷூ வேண்டாம், அடியில் மெத்தை இருந்தால் உடம்பு ஆடும். போட்டிக்காரர்கள் உடம்பு ஆடாமல் நிற்கப் போடுகிற அந்தக் கெட்டியான ஜாக்கெட், பேன்ட் இப்போதைக்கு இல்லவே இல்லை. விலை ஐந்து இலக்கத்தில் வருகிறது, கேட்டதும் கேட்காத மாதிரி வந்துவிட்டேன். முதல் வகுப்பில் கொஞ்ச நேரம் படுத்து மணல் மூட்டையில் வைத்தும் சுடுவோமாம், பாய் கொண்டுவரச் சொன்னார்கள். பத்தமடைப் பாய் இருக்கையில் யோகா மேட் எதற்கு என்று எடுக்கப் போனேன். ஆச்சி கல்யாணப் பாயைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஓரம் பிய்ந்த பழைய கோரைப் பாயைத் தந்தாள்.

அப்புறம் பாதுகாப்புக் கொடி. இது முக்கியம். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு விட்டிருக்க வேண்டும், குழலின் முழு நீளத்துக்கும். உள்ளே குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிய. வண்ணார்பேட்டையில் புல் வெட்டும் மெஷினுக்குப் போடுகிற ஆரஞ்சு நைலான் வயர் இரண்டு மீட்டர் வாங்கினேன், 30 ரூபாய். இந்த வாரத்தின் உருப்படியான செலவு இது ஒன்றுதான். விசையில் விரல் வைப்பது குறி பார்க்கும்போது மட்டும், குழல் எப்போதும் இலக்குப் பக்கம். இந்த இரண்டையும் உலக்கையிலேயே பழகிவிட்டேன், மாமி வீட்டுப் பக்கம் திருப்புவதே இல்லை.

அம்பாசமுத்திரத்து மாமா பையன் தன் ஸ்பிரிங் ஏர்கன்னைத் தருகிறேன், குண்டில்லாமல் சுட்டுப் பழகு என்றான். அதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டில்லாமல் விசையை இழுத்தால் உள்ளே பிஸ்டன் மோதி வாஷர் போய்விடும். கிளப்பில் இருக்கும் காற்று ரைபிளில் அதற்கென்றே தனி வசதி உண்டு.

டீ. ஆமாம், டீ. கை நடுங்கும், காலையில் குடிக்காதே என்று கோச் சார் சொல்கிறார். என்னிடம்! ஒரேயடியாக விட்டால் எனக்குத் தலைவலி வரும். பேசிப் பார்த்து, வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒன்றே ஒன்று என்று முடிவாகியிருக்கிறது. ஜாக்கெட் இல்லாததெல்லாம் ஒன்றுமில்லை, எனக்கு இதுதான் பெரிய தியாகம்.

கொஞ்சம் இருங்கள், கீழே யாரோ கூப்பிடுகிறார்கள்.

வந்துவிட்டேன். ரிட்டர்ன் எடுக்க வந்த தம்பிதான். கொடுக்கவில்லை என்று சொன்னேன். "காரணம் போடணும்க்கா" என்று போனை நீட்டினார். பட்டியலில் எல்லாம் இருக்கிறது, கண் மாறிவிட்டது என்று மட்டும் இல்லை. தம்பியே "வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டார்" என்று ஒன்றை அழுத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார். மனம் இல்லை தம்பி, கண்ணு என்று வாசல் வரை கத்தினேன், அவருக்குக் கேட்கவில்லை.

சரி, ஆச்சி உலக்கையைக் கேட்கிறாள், மணல் பையை அவிழ்க்க வேண்டும். திங்கட்கிழமை எந்தத் தோள் என்று சொல்கிறேன்.