வாய்தா நாளும் வேலை நாளும்

நேயர்களுக்கு வணக்கம். வண்டி வழக்கில் சம்மன் வந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்து உங்களுக்கு டூட்டி. என்ன செய்யலாம்?

எல்லா வழக்குக்கும் கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. ஹெல்மெட் போடாததற்கு வந்த இ-சலான் இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை என்றால் இணையத்திலேயே கட்டிவிடலாம். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு அப்படியல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதற்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

சம்மனில் எந்த நடுவர் நீதிமன்றம் என்று பாருங்கள். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிறதே பெரிய கோர்ட், அது ஹைகோர்ட் கிளை. உங்கள் வழக்கு அங்கே கூப்பிடப்படாது. மேலூர் வழக்கென்றால் மேலூர்தான்.

வர முடியாத நாளுக்கு ஒரு மனு உண்டு. கோர்ட் வராந்தாவில் இன்றைக்கும் அதை '317' என்றுதான் சொல்வார்கள்; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண் அது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 355-வது பிரிவு. உங்களுக்காக வக்கீல் ஆஜராகி இந்த மனுவைப் போட வேண்டும். "மச்சானை அனுப்பிச் சொல்லிவிட்டேன்", "ஏட்டய்யாவுக்குப் போன் போட்டுவிட்டேன்" என்பதெல்லாம் கோர்ட் கணக்கில் வராது. ஆகவே முந்தின நாளே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பெயர் கூப்பிடுவதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: கூப்பிடுவதற்குள்!

இப்போது காரணம். 'வேலை நிமித்தம்' என்ற இரண்டே வார்த்தை பல மனுக்களைக் கெடுக்கிறது. வேலை யாருக்குத்தான் இல்லை, நடுவருக்கும் இருக்கிறது. பஸ் டிரைவர் என்றால் அந்தத் தேதி தெரிகிற டூட்டி சார்ட். லாரி என்றால் லோடு ஏற்றிய ரசீது, போகிற ஊர், திரும்புகிற நாள். கொத்தனாருக்கு லெட்டர்பேட் ஏது? இன்ன இடத்தில், இன்ன தேதியில் கான்கிரீட் போடுகிறோம், ஆள் மாற்ற முடியாது என்று எழுதி, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். அதோடு, எந்தத் தேதிக்கு மேல் வர முடியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வர முடியாத நாளை மட்டும் சொன்னால், அடுத்த வாய்தாவும் உங்கள் டூட்டி நாளிலேயே வந்து விழும். இந்த ஒரு வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை. மனு ஏற்கப்பட்டாலும் அது அந்த ஒரு நாளுக்குத்தான்; வழக்கு முடிந்துவிடவில்லை. அடுத்த தேதியை அன்று சாயங்காலமே வக்கீலிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்குக்கென்று கொடுக்கப்படும் 16 எழுத்து சி.என்.ஆர். எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியிலும் பார்க்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. வாரண்ட் விஷயத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருந்து பிடிவாரண்ட் போட்டுவிட்டால், போலீஸ் வீட்டுக்கு வரட்டும் என்று இருக்காதீர்கள். வக்கீலைக் கூட்டிக்கொண்டு, காலையில் கோர்ட் உட்காருவதற்கு முன்பே நீங்களே போய் ரீகால் மனு, அதாவது வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லும் மனு, போடுங்கள். வணக்கம்.