கை ஓங்கும் முன் மனம் சொல்லிக்கொள்ளும் சமாதானம்

(குற்றத்தின் உளவியல் பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கொடூரமான ஒரு கொலைச் செய்தியைப் படித்ததும் நம் வாயில் முதலில் வருவது, "இவனெல்லாம் மனுஷனா?" என்ற கேள்விதான். அந்தக் கோபம் நியாயமானது. பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிற மனசுக்கு அது வரத்தான் வேண்டும். ஆனால் "இல்லை, மிருகம்" என்று பதிலும் சொல்லி முடித்துக்கொண்டால், அதோடு யோசிப்பதையும் நிறுத்திவிடுகிறோம். மிருகம் ஏன் கடித்தது என்று யார் விசாரிக்கிறார்கள்? அடுத்து ஒருவர் பலியாகக் கூடாது என்றால் விசாரித்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

குற்றவாளி வேறு பிறவி என்ற எண்ணத்துக்கு அறிவியல் சாயம் பூசிய காலம் ஒன்று இருந்தது. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 1876-ல், குற்றவாளிகள் மனித வளர்ச்சியில் பின்தங்கிய ஒரு வகை, தாடையையும் காதையும் மண்டையோட்டையும் பார்த்தே அவர்களை அடையாளம் கண்டுவிடலாம் என்று எழுதினார். பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் ஏறக்குறைய 3,000 கைதிகளை அளந்து, சிறைக்கு வெளியே இருப்பவர்களோடு ஒப்பிட்டு, அப்படி ஒரு தனி உடல்வாகே கிடையாது என்று 1913-ல் காட்டினார். லொம்ப்ரோசோவின் கோட்பாடு அத்தோடு சரிந்தது. எண்ணம் மட்டும் சாகவில்லை. "ஆளைப் பார்த்தாலே தெரியுதே, திருட்டு முழி" என்று இன்றைக்கும் சொல்கிறோம் அல்லவா?

மண்டையோட்டை விட்டபிறகு மனநோயைப் பிடித்துக்கொண்டோம். "மனநோயாளியாகத்தான் இருப்பான்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! ஸ்வீடனில் 1988 முதல் 2000 வரை நாடு முழுவதும் பதிவான வன்முறைக் குற்றங்களை மருத்துவமனைப் பதிவுகளோடு சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய்களின் கணக்கில் வைக்கத் தக்கவை 100 குற்றங்களுக்குச் சுமார் 5. மற்ற 95-க்கும் வேறு காரணம் தேட வேண்டும். மனநோயோடு வாழ்கிறவர்கள் குற்றத்துக்கு இரையாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் நமக்குத் தெரியும். ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருப்பவர்கள் மேலேயே பழியையும் போடுகிறோம். இது எனக்கு ஆற்ற முடியாத வருத்தம்.

சரி, சைக்கோ? கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் இதற்கென்று 20 கூறுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். மொத்த மதிப்பெண் 40; வழக்கமாக 30-ஐத் தொட்டால் அந்த முத்திரை. பிறர் வலி உறைக்காத, குற்றவுணர்வே இல்லாத இப்படிப்பட்டவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அவர்களால் விளையும் சேதமும் அதிகம். ஆனால் சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆகவே அவர்களை இதோடு விட்டுவிட்டு, அந்தப் பெரும்பாலோரைப் பற்றிப் பேசுகிறேன்.

குழந்தைப் பருவத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடியும் புறக்கணிப்பும் கண்ட குழந்தைகள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடோம் தேடிப் பார்த்து, 1989-ல் முடிவை வெளியிட்டார். நீதிமன்றப் பதிவுகளில் இருந்த 908 குழந்தைகள் ஒரு பக்கம். வயதிலும் பின்னணியிலும் அவர்களுக்கு நிகரான, அப்படிப்பட்ட பதிவு இல்லாத 667 பேர் மறுபக்கம். சிறார் பருவத்திலேயே கைதானவர்கள் முதல் பக்கத்தில் 100-க்கு 26, மறுபக்கத்தில் 17. வித்தியாசம் பெரியது, குழந்தையை அடிப்பது வீட்டு விவகாரம் என்று சொல்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். அதே எண்ணை மறுபடி ஒருமுறை படியுங்கள். அடிபட்ட 100 குழந்தைகளில் 74 பேர் அந்த வயதில் எந்தக் கைதிலும் சிக்கவில்லை. இந்த அரங்கிலும் அடி வாங்கியே வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். "அடிபட்டவன் அடிப்பான்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பாரம் கூடுகிறது என்பது உண்மை. பாதை முடிவாகிவிட்டது என்பது பொய்.

வயதும் ஒரு காரணம். பல நாட்டுக் கணக்குகளில் பதின்ம வயதில் குற்றம் மளமளவென்று ஏறும். இருபதுகளில் இறங்கத் தொடங்கும். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்ந்து வரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் பணியாற்றிய டெர்ரி மாஃபிட் 1993-ல் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே தொடங்கி வாழ்நாள் முழுக்க நீள்கிற சிலர். பதின்ம வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து தப்பு செய்து, வயது ஏறியதும் விட்டுவிடுகிற பலர். இந்த இரண்டாவது வகைப் பையனுக்கு, முதல் வகை என்று நினைத்து நாம் நிரந்தர முத்திரை குத்திவிட்டால், அவன் தானாக விட்டிருக்கக்கூடியதை விட முடியாமல் ஆக்கிவிடுவோம். வேலை கிடைக்காது, பழைய கூட்டாளிகளைத் தவிர யாரும் சேர்க்க மாட்டார்கள்.

இதெல்லாம் பின்னணி. பின்னணி கையை ஓங்காது. ஓங்குகிற அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன ஓடுகிறது? எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-ல் வெளியிட்ட ஒரு சோதனை. ஒரு சிறுவன் ஒரு புதிரைப் பாதி அடுக்கி வைத்திருக்கிறான். பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு பையன் அதைக் கலைத்துவிட்டதாக அவனுக்குத் தெரியவைக்கிறார்கள். வேண்டுமென்றே கலைத்தான் என்று தெரிந்தால் எல்லாச் சிறுவர்களும் கோபப்படுகிறார்கள். உதவப்போய் கலைந்துவிட்டது என்று தெரிந்தால் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். எதற்காகக் கலைத்தான் என்று தெரியாத நிலையில்தான் வித்தியாசம் வெளிப்பட்டது. முரட்டுப் பையன் என்று பெயர் எடுத்தவர்கள், அவன் வேண்டுமென்றே செய்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். அதாவது, அவர்களின் கணக்கில் அவர்கள் சண்டையை ஆரம்பிக்கவில்லை, பதிலடிதான் கொடுக்கிறார்கள். எப்போது அடி விழும் என்று தெரியாத வீட்டில் வளர்கிற குழந்தை, எதிரில் இருப்பவர் முகத்தில் ஆபத்தைத் தேடியே பழகியிருக்கும். வீட்டில் அதைக் காப்பாற்றிய அந்தப் பழக்கம் தெருவில் அதைச் சிறைக்கு அனுப்புகிறது.

சிகாகோவில் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் பதின்ம வயதுப் பையன்களுக்கு ஒரு பயிற்சி நடத்துகிறார்கள். இருவர் இருவராக நிறுத்தி ஒருவன் கையில் பந்தைக் கொடுப்பார்கள். "முப்பது வினாடி. அவன் கையிலிருந்து பந்தை வாங்கு." அவ்வளவுதான் கட்டளை. உடனே மல்லுக்கட்டு. விரலைப் பிரிக்கிறான், கையை முறுக்குகிறான், இருவரும் தரையில் உருள்கிறார்கள். நேரம் முடிந்ததும் பயிற்சியாளர் கேட்பார்: "பந்தைக் கொடு என்று ஏன் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை?" "கேட்டால் என்னைக் கோழை என்று நினைத்திருப்பான்" என்பான் ஒருவன். அவன் ஜோடியிடம் கேட்டால், "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், பந்துதானே" என்பான். குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்து நடத்திய ஆய்வுகளில், இந்தப் பயிற்சி நடந்த காலத்தில் பையன்கள் வன்முறை வழக்கில் கைதாவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பயிற்சி நின்ற பிறகு அந்தக் குறைவு மங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிவிட முடியாது.

"கோழை என்று நினைத்திருப்பான்" என்றானே, அதைக் கவனியுங்கள். அமெரிக்கச் சிறைகளில் பல ஆண்டுகள் மனநல மருத்துவராக இருந்த ஜேம்ஸ் கில்லிகன், கொலை செய்தவர்களிடம் ஏன் செய்தாய் என்று கேட்டபோது திரும்பத் திரும்ப வந்த பதில், "என்னை மதிக்கவில்லை" என்பதுதான் என்கிறார். வன்முறைக்கு அடியில் அவமானம் இருக்கிறது என்பது அவர் வந்தடைந்த முடிவு. தன்னை மதித்துக்கொள்ள வேறு எதுவுமே இல்லாதவனுக்கு ஒரு சின்ன இளக்காரப் பார்வையும் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. அவன் செய்தது அதனால் சின்னக் குற்றமாகிவிடாது. ஆனால் அவமானத்தால் வந்த நோய்க்கு மேலும் அவமானத்தையே மருந்தாகக் கொடுக்கிறோமே, அது எப்படிக் குணமாகும்?

அப்புறம், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கிரெஷம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற இரு சமூகவியலாளர்கள் 1957-ல் எழுதிய ஒரு கட்டுரை, தப்பு செய்கிற பையன்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை ஐந்தாக வகுத்தது. "என்னை அப்படி ஆக்கிவிட்டார்கள், நான் என்ன செய்ய?" "அவனுக்கு இதெல்லாம் ஒரு நஷ்டமா?" "அவனுக்கு இது வேணும்." "பிடிக்கிறவன் மட்டும் யோக்கியமா?" "என் ஆளுங்களுக்காகச் செய்தேன்." இந்த ஐந்தில் ஒன்றையாவது சொல்லிக்கொள்ளாதவர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டோம். வரி விஷயத்திலோ, சிவப்பு விளக்கைத் தாண்டிய விஷயத்திலோ சொல்லியிருப்போம். பிடிபட்ட பிறகு சொல்லும் நொண்டிச் சாக்கு என்றுதான் இவற்றை நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல நேரம் இவை முதலில் வருகின்றன, குற்றம் பின்னால் வருகிறது என்பதே அந்த இருவரும் எடுத்துச் சொன்ன செய்தி.

அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர் டொனால்ட் கிரெஸ்ஸி கையாடல் வழக்குகளில் சிறைக்குப் போனவர்களைச் சந்தித்துப் பேசினார்; 1953-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். பல வருடம் நம்பிக்கையாக வேலை பார்த்தவர்கள்தான் அவர்கள். யாரிடமும் வெளியே சொல்ல முடியாத ஒரு பணக் கஷ்டம், சூதாட்டக் கடனோ, தொழிலில் விழுந்த அடியோ. தன் பொறுப்பில் இருக்கும் பணம் அதைச் சத்தமில்லாமல் தீர்த்துவிடும் என்ற எண்ணம். இந்த இரண்டு மட்டும் இருந்தால் கை நீளுவதில்லை. மூன்றாவதாக ஒரு வாக்கியம் தேவைப்பட்டது: "கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்." முதல் ரூபாயைத் தொடுவதற்கு முன்பே அந்த வாக்கியம் மனசில் தயாராக இருந்தது. அது இல்லாவிட்டால் பெட்டியைத் திறந்திருக்கவே மாட்டார்கள்.

மனைவியை அடிக்கிறவரை எடுத்துக்கொள்வோம். "கோபம் வந்தால் எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது" என்பார். கண் மண் தெரியாதவர் கதவைச் சாத்திவிட்டு அடிக்கிறார். சட்டைக்கு மேலே தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கிறார். மேலதிகாரி எவ்வளவு திட்டினாலும் அங்கே தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். கோபம் உண்மைதான். ஆனால் யார்மேல் காட்டலாம், எங்கே காட்டலாம் என்று அனுமதி கொடுத்தது அவர் மனசு.

இதில் எனக்கு ஒரு நம்பிக்கையும் தெரிகிறது. திருட்டைத் தப்பே இல்லை என்று நினைப்பவனுக்குச் சமாதானம் எதற்கு? சமாதானம் தேடுகிறான் என்றால் மனசாட்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைத் தாண்டிப் போகத்தான் அவனுக்கு அந்த வாக்கியம் வேண்டியிருக்கிறது.

பயமுறுத்தினால் போதாதா என்று சிலர் கேட்பீர்கள். 1970-களில் அமெரிக்காவில் தப்பு செய்த பையன்களைச் சிறைக்குக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டு முகத்துக்கு நேரே கத்த வைத்தார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் புல்லரித்தது. பிறகு இத்தகைய திட்டங்களை முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, போகாத பையன்களைவிடப் போய் வந்த பையன்களே அதிகம் தப்பு செய்தார்கள். பயம் அந்தச் சமாதான வாக்கியங்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயம்தான் குற்றத்தைத் தடுக்கிறது என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம்.

காரணத்தைத் தேடுவது மன்னிப்பதாகாதா என்று பாதிக்கப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர்கள் யாராவது மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆகாது. மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் உரிமை. எந்த ஆய்வாளரும் அதில் கை வைக்க முடியாது. அவன் தண்டனையை அனுபவிக்கட்டும். உள்ளே இருக்கும் காலத்தில் அவனிடம் என்ன பேசுகிறோம் என்பதுதான் என் கவலை.

பல நாட்டுச் சிறைகளில் ஒரு வேலை செய்ய வைக்கிறார்கள். கைதி ஒரு தாளில் நடந்ததை எழுத வேண்டும். சாதாரணமாக, சாட்சி சொல்வதுபோல இரண்டு வரி. அதன்கீழே, அதற்கு முந்தைய நிமிடங்களில் மனசில் ஓடியதெல்லாம் ஒவ்வொரு வரியாக: "என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்." "விட்டால் எல்லோரும் ஏறி மிதிப்பார்கள்." "இவனுக்கு இது வேணும்." பிறகு எந்த வரியில் நின்றிருந்தால் வேறு வழி கிடைத்திருக்கும் என்று குழுவில் பேசுகிறார்கள். இப்படிச் சிந்தனையை நேரடியாகத் தொடும் பயிற்சிகள் பற்றிய 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விடுதலையான 100 பேரில் சராசரியாக 40 பேர் மறுபடி குற்றத்தில் இறங்கும் இடத்தில், பயிற்சி பெற்றவர்களில் 30 பேர்தான் இறங்கினார்கள். பயிற்சியை ஒழுங்காக, உள்ளபடி நடத்திய இடங்களில் பலன் இன்னும் அதிகம்.

அந்தத் தாளை எழுத ஆசிரியரும் சொல்லிக் கொடுக்கலாம், பெற்றோரும் உட்காரவைத்துக் கேட்கலாம். சிறையிலோ சிறார் இல்லங்களிலோ வேலை பார்ப்பவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று அறிகிறேன். கேள்வி நேரத்தில் முதலில் நீங்கள் பேசுங்கள். உங்களிடம் கேட்க என்னிடமும் சில கேள்விகள் இருக்கின்றன. நன்றி.