தோட்டம் முடிந்ததும் நாடகம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

வானொலியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பாட்டைப் பற்றித்தான் பேசுவேன் என்று பலர் நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது பேச்சைப் பற்றி. காலை முதல் இரவு வரை மனிதக் குரலை நம்பியே நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. பிரிட்டனில் பிபிசி ரேடியோ 4 ஒலிபரப்பும் ஞாயிறு அது.

பொழுது விடியுமுன் ஏதோ ஓர் ஊர்த் தேவாலயத்தின் மணியோசையுடன் அந்த நாள் தொடங்குகிறது. பிறகு செய்தி, வழிபாடு, நாட்டு நடப்பு. ஒரு கிராமத்துத் தொடர் நாடகத்தின் அந்த வாரப் பகுதிகள் காலையில் ஒன்றாகச் சேர்ந்து வரும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தோட்டம் போடுகிறவர்களின் கேள்வி பதில். மூன்று மணிக்கு நாடகம். மாலையில் கடலில் இருக்கும் கப்பல்களுக்கு வானிலை வாசிப்பார்கள். நேரங்கள் அவ்வப்போது இடம் மாறியிருக்கின்றன, ஆனால் நாளின் சாயல் பல ஆண்டுகளாக இதுதான். குளிர்காலத்தில் அவர்களுடைய மூன்று மணி நமக்கு இரவு எட்டரை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, இணையத்தின் வழியே நான் கேட்க உட்காரும் நேரம் அது.

அவர்களுடைய ஞாயிறு எப்போதும் இப்படி இருந்ததில்லை. பிபிசியின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத், ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவரின் மகன். ஞாயிறு புனித நாள் என்பதில் அவர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதவர். அவர் காலத்து ஞாயிறு காலைகளில் மக்கள் தேவாலயத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக வானொலி பெரும்பாலும் மௌனமாக இருந்தது. பிறகு பிரசங்கம், கனமான இசை, கனமான உரை. மக்கள் என்ன செய்தார்கள்? 1930களில் முள்ளைத் திருப்பி, கடலுக்கு அப்பாலிருந்து ஒலித்த வணிக வானொலிகளான ரேடியோ லக்சம்பர்க்கையும் ரேடியோ நார்மண்டியையும் கேட்டார்கள். சோப்பும் பற்பொடியும் விற்கும் விளம்பரங்களுக்கு நடுவே அங்கே நடன இசை கிடைத்தது. 1940இல் போர்வீரர்களுக்காகத் தனி அலைவரிசை தொடங்கியபோதுதான் ஞாயிற்றுக்கிழமையின் இறுக்கம் தளர்ந்தது. ரீத்தை நான் பழிக்கவில்லை. கேட்பவனை உயர்த்த வேண்டும் என்ற அவருடைய எண்ணம் பெரியது. ஆனால் கனமானதை மட்டுமே அடுக்கி வைத்தால் கேட்பவன் எழுந்து போய்விடுவான். பலவற்றைக் கலந்து, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் கலையைப் பின்னால் வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

நாடகத்துக்கு வருகிறேன்; என் மனம் இருப்பது அங்கேதான்.

1924 ஜனவரி 15. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்று அன்று பிபிசியில் ஒலித்தது. எழுதியவர் ரிச்சர்ட் ஹியூஸ். அப்போது அவருக்கு வயது 23. மேடை நாடகத்தைக் கண்ணில்லாமல் எப்படிக் கேட்பது என்று எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்த நேரம். அந்த இளைஞர் என்ன செய்தார் தெரியுமா? கதையை வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார். தொடக்கத்திலேயே விளக்கு அணைந்துவிடுகிறது. பாத்திரங்களுக்கும் ஒன்றும் தெரியாது, கேட்பவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. வானொலியின் குறை என்று எல்லோரும் சொன்னதையே அவர் கதையாக்கிவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. தொலைவில் சுரங்கத் தொழிலாளர்கள் பாடுவது கேட்க வேண்டும். அதற்காக லண்டன் தெருக்களில் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்த, வேலையிழந்த வேல்ஸ் தொழிலாளர்களையே அழைத்து வந்ததாக ஹியூஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர்களை வெளியே நடைக்கூடத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தும் மூடியும் பாட்டை அருகிலும் தொலைவிலுமாகக் கேட்க வைத்தார்களாம். எளிய ஒரு கதவுதான் அங்கே கருவி!

இன்றும் அந்தக் கைவேலை அழியவில்லை. காலையில் வரும் கிராமத்துத் தொடர் என்றேனே, அதன் பெயர் ‘தி ஆர்ச்சர்ஸ்’. அதில் பண்ணை வாயிற்கதவு கிரீச்சிட்டுத் திறக்கும் ஓசை, துணி தேய்க்கும் பழைய மடக்கு மேசையிலிருந்து வந்தது. பனியில் நடக்கும் ஓசைக்குச் சோளமாவுப் பையை அழுத்துவது வானொலிக்காரர்கள் எல்லோரும் அறிந்த உத்தி. ஓசையை அவர்கள் தருகிறார்கள். கதவையும் பனியையும் நாம்தான் செய்துகொள்கிறோம். ஒரே நாடகத்தைக் கேட்கும் ஆயிரம் பேருக்கு ஆயிரம் கதவுகள்.

அந்தத் தொடர் பிறந்த விதமும் சொல்லத்தக்கது. போர் முடிந்தும் பிரிட்டனில் உணவுப் பங்கீடு தொடர்ந்தது. 1954 வரை அது நீடித்தது. உழவர்களுக்குப் புதிய முறைகளைச் சொல்லியாக வேண்டும். உரை ஆற்றினால் யார் கேட்பார்கள்? 1948இல் பர்மிங்காமில் உழவர்கள் கூட்டம் ஒன்றில், அப்போது நாடே காத்திருந்து கேட்ட துப்பறியும் தொடரைப் போல உழவுக்கும் ஒன்று வேண்டும் என்று ஓர் உழவர் எழுந்து சொன்னார். காட்ஃப்ரி பேஸ்லி என்ற தயாரிப்பாளர் அதை விடவில்லை. 1950இல் வட்டார அளவில் சோதித்துப் பார்த்து, 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஒலிபரப்பினார்கள். ஆம்பிரிட்ஜ் என்ற அந்த ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. ஆனாலும் 1955 செப்டம்பர் 22 அன்று கிரேஸ் என்ற பாத்திரம் தீ விபத்தில் இறந்தபோது, சொந்தத்தில் ஒரு சாவு விழுந்ததைப் போல நாடு கலங்கியது. அன்றிரவுதான் அங்கே முதல் வணிகத் தொலைக்காட்சி தொடங்கியது. மறுநாள் மக்கள் பேசியது கிரேஸைப் பற்றி.

தோட்ட நிகழ்ச்சிக்கு வயது இன்னும் கூடுதல். 1947 ஏப்ரலில் மான்செஸ்டருக்கு அருகே ஒரு விடுதியில் தொடங்கியது. வல்லுநர்கள் ஊர் ஊராகப் போவார்கள். ஊர்க்காரர்கள் எழுந்து என் ரோஜாவுக்கு என்ன வந்தது, என் மண் ஏன் இப்படிக் கெட்டியாக இருக்கிறது என்று கேட்பார்கள். அவ்வளவுதான். அந்த மண்ணில் எனக்குச் செடி எதுவும் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். ஏனென்றால் மூன்று மணி நாடகத்துக்கு முன்னால் அது வருகிறது. தோட்டத்துக்காக வானொலியைத் திறந்த ஒரு மூதாட்டி, கைமண்ணைக் கழுவப் போகுமுன் நாடகம் தொடங்கிவிடுகிறது, அங்கேயே நின்றுவிடுகிறார். நாடகத்துக்காக முன்னதாக வந்த நான் நத்தைகளை விரட்டும் வழி தெரிந்துகொள்கிறேன். நான் தேடிப் போகாத ஒன்றை என் காதில் கொண்டுவந்து வைக்கும் இந்த ‘அடுத்து’ என்ற சொல்லுக்காகத்தான் நண்பர்களே, இன்று இவ்வளவு நேரம் பேசுகிறேன். விரும்பியதை மட்டும் தேடி எடுத்துக் கேட்கும் வசதி இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் அந்த மூதாட்டிக்கு நாடகம் கிடைத்திருக்காது.

இதே பிபிசியோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. இலங்கை வானொலியிலிருந்து லண்டன் சென்ற சோ. சிவபாதசுந்தரம்தான் அங்கிருந்து வந்த தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தார். செய்தி என்றோ சேவை என்றோ வைக்காமல் ஓசை என்று வைத்தார். ஒலிபரப்பை ஒரு கலையாக எண்ணித் தமிழில் நூலே எழுதிய மனிதர் அவர்.

நேரம் ஆகிவிட்டது. நூலகப் பொறுப்பாளரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன், இசைந்துவிட்டார். அடுத்த ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு இதே கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு நாம் சேர்ந்து நாடகம் கேட்கப் போகிறோம். ஆங்கிலம் வராதே என்று தயங்குகிறவர்களுக்குக் கேட்டு முடித்ததும் கதையை நான் தமிழில் சொல்கிறேன். அதுவரை காலடி ஓசையும் கதவோசையும் உங்களுக்குப் புரியும். ஏழரைக்கே வந்துவிடுங்கள். முதலில் தோட்டம்.